கல்லூரி மாணவர்களை ஆங்கிலம் கற்கத் தூண்டுவது எது? மதுரை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும், தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை பக்கமிருந்து தினமும் மதுரைக்கு வந்து போயும் கலை, அறிவியல், வணிகவியல், பொறியியல், சட்டம் படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்குமான கேள்விகள் பின்பகுதியில் உள்ளன.

எங்கள் பக்கத்து மாணவர்கள் உண்மையில் எதற்காக ஆங்கிலம் கற்க வருகிறார்கள்?

கேட்டவுடன் வரும் பதில் ஒன்றுதான்: வேலைக்கு. கொஞ்சம் பேசவிட்டால் அந்த ஒரு சொல்லுக்குள் பல காரணங்கள் இருப்பது தெரியும். வணிகவியல் மாணவருக்கு அது இறுதியாண்டு வளாக நேர்காணல். சட்டக் கல்லூரி மாணவருக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. கீழமை நீதிமன்றங்களில் தமிழில் வழக்காடலாம். 2004இல் தொடங்கிய கிளையில் வழக்காடு மொழி ஆங்கிலம். செவிலியர் படிப்பவருக்கு பிரிட்டனோ வளைகுடாவோ. எம்.எஸ்சி. மாணவருக்கு, புராஜெக்ட்டுக்காகப் படித்தே தீரவேண்டிய ஆய்வுக் கட்டுரைகள்.

வேலையோடு சேராத காரணங்களும் உண்டு. அவை வெளியே சொல்லப்படுவது குறைவு, ஆனால் வலு அதிகம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைதான் வங்கிப் படிவத்தையும் மருத்துவமனை ரிப்போர்ட்டையும் குடும்பத்துக்கு வாசித்துச் சொல்கிறது. அந்த இடத்தில் தடுமாறக் கூடாது என்ற எண்ணம் பலரை நூலகம் வரை கொண்டுவந்துவிடும். கிரிக்கெட் வர்ணனை, கேம், யூடியூப் என்று பிடித்த விஷயத்தின் வழியாக வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் படிப்பதாகவே நினைப்பதில்லை, அதனால் நிறுத்துவதும் இல்லை.

முதல் வாரத்தில் பக்கத்து பெஞ்சு மாணவர் ஆங்கிலத்தில் பதில் சொல்லும்போது வரும் கூச்சமும் ஒரு தூண்டுதல்தான். ஆனால் அது இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்காது. அதன்பிறகு மாணவரைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளுவதும் அதே கூச்சம்தான்.

ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள்? அது நம் ஊருக்குப் பொருந்துமா?

ராபர்ட் கார்ட்னர், வாலஸ் லாம்பர்ட் இருவரும் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பிரெஞ்சு கற்ற மாணவர்களை ஆராய்ந்து 1959இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மொழி பேசும் மக்களோடு நெருங்கிப் பழக வேண்டும் என்று கற்பது ஒரு வகை. வேலை, தேர்வு போன்ற பயனுக்காகக் கற்பது இன்னொரு வகை என்று பிரித்தார்கள். முதல் வகைக்கே வலு அதிகம் என்று கண்டார்கள். மான்ட்ரியலில் பிரெஞ்சு பேசுவோர் அடுத்த தெருவில் இருந்தார்கள். உசிலம்பட்டியிலும் மேலூரிலும் ஆங்கிலம் பேசும் அடுத்த தெரு கிடையாது. அந்தப் பிரிவினையை அப்படியே இங்கே ஒட்டவைத்தால், நம் மாணவர்கள் எல்லோரும் ஊக்கம் குறைந்தவர்கள் என்ற தவறான முடிவுக்கு வருவோம்.

ஸோல்டான் டோர்னியே 2005இல் முன்வைத்த விளக்கம் நமக்கு நெருக்கமானது. ஒருவரை மொழி கற்கத் தூண்டுபவை மூன்று என்கிறார். ஆங்கிலம் பேசும் நாளைய 'நான்' எப்படி இருப்பேன் என்று மனத்தில் தெரியும் படம் ஒன்று. அப்பாவுக்காக, ஊர்ச் சொல்லுக்காக, மாமா மகனோடு ஒப்பிடப்படுவதற்காக ஆக வேண்டிய 'நான்' இரண்டாவது. வகுப்பில் அன்றாடம் கிடைக்கும் அனுபவம் மூன்றாவது. நம் மாணவர்களிடம் இரண்டாவது நிறைய இருக்கிறது, முதலாவது மங்கலாக இருக்கிறது. தன் ஊரில் பிறந்து, தன் பள்ளியில் படித்து, ஆங்கிலத்தில் வேலை பார்க்கும் ஒருவரை அருகில் பார்த்திராததே காரணம். அதனால்தான் பெரிய பேச்சாளர் ஒருவரின் ஊக்க உரையைவிட, அதே பேருந்தில் வந்து படித்துப்போன சீனியர் ஒருவர் அரைமணி நேரம் வந்து பேசுவது அதிகம் வேலை செய்கிறது. விருந்தினரை அழைக்கும் துறைத்தலைவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகியோரின் கொள்கையையும் சேர்த்துக்கொள்ளலாம். நானே தேர்ந்தெடுத்தது, என்னால் முடிகிறது, என்னோடு ஆள் இருக்கிறது: இந்த மூன்று உணர்வும் இருந்தால் ஊக்கம் நிற்கும். ஒன்று குறைந்தாலும் வடியத் தொடங்கும். கீழே வரும் யோசனைகள் பெரும்பாலும் இந்த மூன்றையும் காப்பாற்றுவதற்கானவை.

'வேலை கிடைக்கும்' என்ற காரணம் போதாதா?

தொடங்குவதற்குப் போதும், தொடர்வதற்குப் போதாது. முதலாண்டு மாணவருக்கு நேர்காணல் இரண்டு ஆண்டுக்கு மேல் தள்ளி இருக்கிறது. நாளைக்குக் கணக்குப்பதிவியல் தேர்வு இருந்தால் இன்று மாலை அதற்குத்தான் போகும். இது சோம்பல் இல்லை. யாருக்கும் அப்படித்தான் நடக்கும். தூரத்தில் இருக்கும் இலக்கை இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் இழுத்து வைக்க வேண்டும்.

அதற்கு ஒரு தாளில் நான்கு விவரம் எழுதுங்கள்: யாரிடம் பேசப் போகிறேன், எங்கே, எதைப் பற்றி, எத்தனை நிமிடம். 'ஆங்கிலம் சரளமாக வர வேண்டும்' என்பது இலக்காகாது. அதை எட்டியாகிவிட்டதா என்று எந்த நாளிலும் சொல்ல முடியாது. 'அடுத்த மாதத் துறைக் கருத்தரங்கில், மூன்றாமாண்டு மாணவர்கள் முன்னால், என் புராஜெக்ட்டை மூன்று நிமிடம் விளக்குவேன்' என்பது இலக்கு. தாவரவியல் மாணவர் ஆய்வகத்தின் பத்துக் கருவிகள் எதற்குப் பயன்படுகின்றன என்று சொல்லலாம். வணிகவியல் மாணவர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளில் மல்லி விலை ஏன் ஏறுகிறது என்று விளக்கலாம். எழுதிய தாளை ஒருவரிடமாவது காட்டுங்கள். யாருக்கும் தெரியாத இலக்கை நழுவவிடுவது மிகச் சுலபம்.

பன்னிரண்டு ஆண்டு பள்ளியில் படித்தும் ஏன் பேச வரவில்லை?

பேசிய நேரம் குறைவு, அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது பேர் உள்ள வகுப்பு, ஐம்பது நிமிடம். ஆசிரியர் முப்பது நிமிடம் பாடம் நடத்தினால் மீதி இருபது நிமிடம். ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டால் தலைக்கு இருபது விநாடி வரும். அதிலும் முன்வரிசையில் நாலு பேர்தான் எழுவார்கள். கல்லூரியில் பகுதி இரண்டு ஆங்கிலம் பெரும்பாலான படிப்புகளில் முதல் சில பருவங்களோடு முடிந்துவிடும். பாடக் கேள்விக்கான விடையை நோட்ஸிலிருந்து மனப்பாடம் செய்தால் 40 மதிப்பெண் வந்துவிடும், அரியர் விழாது. தேர்வு கேட்பதைத்தான் மாணவர் பழகுகிறார். தேர்வு பேசச் சொல்லவில்லை.

இதைப் புரிந்துகொள்வதில் ஒரு நன்மை இருக்கிறது. 'எனக்கு மொழி வராது' என்று தன்மேல் போட்டுக்கொண்ட பழி இறங்கும். இல்லாத திறமைக்கும் செய்யாத பயிற்சிக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பேச ஆரம்பித்தால் 'பீட்டர் விடுறான்' என்று கூட்டாளிகளே கேலி செய்கிறார்கள். என்ன செய்வது?

இந்த ஒரு கேலி அணைத்துவிடும் ஆர்வம் கொஞ்சநஞ்சமல்ல. மதுரைப் பக்கம் நட்பு இறுக்கமானது. கூட்டத்திலிருந்து பிரிந்து தெரிவதை யாரும் விரும்புவதில்லை. எலைன் ஹார்விட்ஸும் அவருடைய சகாக்களும் 1986இல் வகுப்பறை மொழிப் பதற்றத்தை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட வினாத்தாள் ஒன்றை உருவாக்கினார்கள். பேசுவதில் பயம், தேர்வுப் பயம் ஆகியவற்றோடு, பிறர் நம்மை மட்டமாக மதிப்பிடுவார்களோ என்ற பயத்தையும் அவர்கள் சேர்த்திருந்தார்கள். நம் வகுப்புகளில் அந்தக் கடைசிப் பயம்தான் முன்னே நிற்கிறது. பதற்றத்தில் இருப்பவருக்குத் தெரிந்த சொல்லும் வாயில் வராது. அதைப் பார்த்துத் தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று முடிவு கட்டிக்கொள்வார்.

தைரியமாக இரு என்று சொல்வதால் ஒன்றும் ஆகாது. கேலிக்கு இடம் கொடுக்காத ஏற்பாடு வேண்டும். மூன்று பேர் சேருங்கள். இரண்டு பேர் என்றால் ஒருவர் விடுப்பு எடுத்த நாளில் நின்றுபோகும். ஐந்து பேர் என்றால் அரட்டையாகிவிடும். மூவரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்க வேண்டும். மிக நன்றாகப் பேசும் ஒருவரைச் சேர்த்தால் மற்ற இருவரும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்கள். கேண்டீன் வேண்டாம், மதிய இடைவேளையில் காலியாகக் கிடக்கும் வகுப்பறை போதும். விதி இரண்டு: பேசும்போது யாரும் திருத்தக் கூடாது, நடுவே ஒரு தமிழ்ச் சொல் வந்தால் நிறுத்தக் கூடாது. திருத்தங்களைத் துண்டுத்தாளில் குறித்து, முடிந்தபின் ஆளுக்கு இரண்டு மட்டும் சொல்லுங்கள். ஏழெட்டுத் திருத்தம் சொன்னால் மறுநாள் அவர் வரமாட்டார்.

கேலி செய்பவரைச் சேர்த்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. பெரும்பாலும் அவருக்கும் பேச ஆசை இருக்கும், பயமும் இருக்கும்.

நான் தமிழ்வழி. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் முன்னுரிமை இருக்கிறதே, ஆங்கிலம் எதற்கு?

அந்த முன்னுரிமை 2010 சட்டத்தின்படி வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பள்ளி முதல் அந்தப் பணிக்கான கல்வித்தகுதி வரை தமிழ்வழியிலேயே படித்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்தத் தகுதி இருந்தால் அது பெரிய சொத்து. பயத்தினாலோ கௌரவத்துக்காகவோ நடுவில் ஆங்கிலவழிக்கு மாறி அதை இழந்துவிடாதீர்கள். ஆங்கிலம் கற்பதற்கு ஆங்கிலவழியில் படித்தாக வேண்டும் என்பதில்லை. பாடத்தைத் தமிழில் தெளிவாகப் புரிந்துகொண்டவருக்கு அதே பாடத்தை ஆங்கிலத்தில் வாசிப்பது எளிது. பொருள் ஏற்கனவே கையில் இருக்கிறது, சொல்லை மட்டும் பிடித்தால் போதும்.

டிஎன்பிஎஸ்சி மட்டும்தான் என் இலக்கு. நேரத்தை வீணாக்க வேண்டுமா?

குரூப் 4 மட்டும்தான் என்றால் இப்போதைக்கு வேண்டாம். அங்கே மொழிப்பகுதி தமிழ்தான், 100 வினாக்கள். அந்த நேரத்தைத் தமிழுக்கும் பொது அறிவுக்கும் கொடுங்கள். தேவையில்லாத ஒன்றைத் தேவை என்று சொல்லித் திணித்தால் ஊக்கம் வராது.

வங்கித் தேர்வையும் சேர்த்து எழுதப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. ஐபிபிஎஸ் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 வினாக்கள், 20 நிமிடம். அதாவது ஒரு வினாவுக்கு 40 விநாடி. மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் 25 வினாக்கள், 50 மதிப்பெண். இவற்றில் தோற்பவர்கள் இலக்கணம் தெரியாமல் தோற்பதைவிட, வாசிக்கும் வேகம் போதாமல் தோற்பதே அதிகம். விதிகளை மனப்பாடம் செய்து வேகத்தைக் கூட்ட முடியாது. தினம் இரண்டு பக்கம் வாசித்தால் கூடும்.

வெளிநாடு செல்லும் செவிலியருக்கு இலக்கு எண்ணாகவே கிடைக்கிறது. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். இரண்டாமாண்டிலேயே எழுதிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

எவ்வளவு நாள் ஆகும்? முப்பது நாளில் முடியுமா?

முடியாது. முப்பது நாள் விளம்பரம் செய்யும் கெடுதல் பணத்தோடு நிற்பதில்லை. முப்பத்தோராவது நாள் பேச வராதபோது, மாணவர் விளம்பரத்தைச் சந்தேகப்படுவதில்லை, தன்னையே சந்தேகப்படுகிறார்.

ஐரோப்பிய மொழி அளவுகோலின் படிகளுக்குக் கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு தரும் கணக்கு இது. தொடக்கத்திலிருந்து ஏ2 நிலைக்கு 180 முதல் 200 மணி நேரம்; கடை, வழி, அறிமுகம் போன்ற எளிய பேச்சு இந்நிலையில் வரும். பி1 நிலைக்கு 350 முதல் 400; பழக்கமான விஷயங்களில் தானாகச் சமாளிக்கலாம். பி2 நிலைக்கு 500 முதல் 600. நேர்காணலிலும் குழு விவாதத்திலும் தடையில்லாமல் பேசலாம். பள்ளியை முடித்து வருபவர்களில் பலர் வாசிப்பில் ஏ2வைத் தாண்டியும் பேச்சில் அதற்குக் கீழும் இருப்பார்கள். ஒரு படி ஏறச் சுமார் 200 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், தினம் 45 நிமிடம் வீதம் ஏறத்தாழ 270 நாள். முதலாண்டில் தொடங்கினால் இறுதியாண்டு நேர்காணலுக்கு முன் இரண்டு படி ஏற நேரம் இருக்கிறது. ஐந்தாம் பருவத்தில் தொடங்கினால் ஒரு படிதான், அதுவும் பயனுள்ளதே.

அந்த 45 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது?

உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் வரும் பேருந்தில் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. உட்கார இடம் கிடைத்தால் அதில் பதினைந்து நிமிடம் கேட்பதற்கு. இரண்டு நிமிட ஒலிப்பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று முறை கேளுங்கள். முதல் முறை வெறுமனே. இரண்டாம் முறை எழுத்தைப் பார்த்துக்கொண்டு. மூன்றாம் முறை உதட்டளவில் கூடவே சொல்லிக்கொண்டு. ஒரு மணி நேரப் படத்தை ஒருமுறை பார்ப்பதைவிட இதில் பலன் அதிகம்.

கல்லூரியில் மூவர் குழுவோடு இருபது நிமிடம் பேச்சு. இதற்குக் கீத் மாரிஸ் 1983இல் எழுதிய 4/3/2 முறை நம் மாணவர்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடம், அடுத்து மூன்று நிமிடம், பிறகு இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும், ஒவ்வொரு முறையும் வேறொருவரிடம். மூவர் குழுவில் இருவரிடம் சொல்லிவிட்டு மூன்றாவதை ஃபோனில் பதிந்துகொள்ளலாம். ஒரு நாளைக்கு இருவர் பேசுவது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை சொல்லும்போது தேடல் குறைந்து சொற்கள் தாமாக வந்து விழுவது பேசுபவருக்கே தெரியும். 'என்னால் முடிகிறது' என்ற உணர்வு அந்த இரண்டு நிமிடத்தில்தான் பிறக்கிறது.

எதைப் பற்றிப் பேசுவது? தனக்கு நன்றாகத் தெரிந்ததை. அழகர் ஆற்றில் இறங்குவதை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விளக்குங்கள். அலங்காநல்லூரில் காளையை எப்படிப் பழக்குகிறார்கள், ஜிகர்தண்டாவில் என்னென்ன சேர்க்கிறார்கள், கீழடியில் என்ன கிடைத்தது. சுற்றுச்சூழல் மாசு, இணையத்தின் நன்மை தீமை என்று தலைப்பு கொடுத்தால் சொல்வதற்கே விஷயம் இருக்காது. மொழி எங்கிருந்து வரும்?

மீதிப் பத்து நிமிடம் வீட்டில். ஐந்து நிமிடம் சத்தமாக வாசிப்பது, ஐந்து நிமிடம் அன்று தடுக்கிய சொற்களை நோட்டில் எழுதுவது. இதற்கு நேரத்தை விட நிகழ்வைக் குறிப்பது நல்லது. பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியது இது: 'தினமும் படிப்பேன்' என்று தீர்மானிப்பவரைவிட, 'இது நடந்தவுடன் இதைச் செய்வேன்' என்று தீர்மானிப்பவர் அதைச் செய்து முடிக்க வாய்ப்பு அதிகம். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தவுடன் நோட்டைத் திறப்பேன் என்று எழுதி வையுங்கள்.

எத்தனை சொற்கள் தெரிய வேண்டும்?

மைக்கேல் வெஸ்ட் 1953இல் தொகுத்த அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 2000 சொற்கள் உள்ளன. அன்றாடப் பேச்சின் பெரும்பகுதி அதற்குள் அடங்கும். பாடப்புத்தகமும் ஆய்வுக் கட்டுரையும் வாசிக்க ஆவ்ரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட பட்டியல் உதவும். அதில் 570 சொற்குடும்பங்கள். கல்விசார் எழுத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை அவை நிரப்புகின்றன. நாளுக்கு ஐந்து என்றால் நான்கு மாதத்துக்குள் முடியும். புதிய ஐந்தோடு பழையதையும் திருப்பிப் பாருங்கள்: மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம். திருப்பிப் பார்க்காத சொல் நிற்காது. நாளுக்கு ஐம்பது சொல் என்று தொடங்குபவர்கள் ஒரு வாரத்தில் நோட்டை மூடிவிடுவார்கள்.

இலக்கணத்தை முதலில் முடித்துவிடட்டுமா?

வேண்டாம். அது முடியவே முடியாது, பேச்சும் தொடங்காது. பொருளைக் குழப்பும் பிழைகளை முதலில் சரிசெய்யுங்கள்: காலம், கேள்வி அமைப்பு, எதிர்மறை. 'வாட் யூ ஆர் டூயிங்' என்பதை 'வாட் ஆர் யூ டூயிங்' என்று வாய் பழகும் வரை சொல்லுங்கள். 'ஐ ஹேவ்' என்பதற்கு 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'டிஸ்கஸ்' என்பதற்கு 'டிஸ்கஸ் அபவுட்' என்று சொல்வது போன்ற பிழைகள் அடுத்த கட்டம். 'எ', 'தி' எங்கே வரும் என்பது தமிழ் பேசுவோருக்குக் கடைசியாகத்தான் பிடிபடும். அதற்காகப் பேச்சை நிறுத்தாதீர்கள்.

ஆங்கிலத்தில் மூழ்கினால் தமிழ் போய்விடாதா?

ஒரு மொழி இன்னொன்றின் இடத்தைப் பிடிப்பதும், ஒன்றின்மேல் ஒன்று சேர்வதும் வேறுவேறு என்று மேலே சொன்ன லாம்பர்ட்டே பின்னாளில் விளக்கினார். தமிழில் எழுதப் படிக்க உறுதியாகத் தெரிந்தவருக்கு ஆங்கிலம் சேரும். மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் வீட்டில் ஒரு மொழியும் கடைவீதியில் தமிழும் பேசித் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். இரண்டும் அவர்களிடம் இருக்கின்றன. கவலைப்பட வேண்டியது தமிழையும் சரியாக வாசிக்காமல் ஆங்கிலத்துக்குத் தாவுபவரைப் பற்றித்தான். அவர் தமிழ் நாளிதழையும் தினம் வாசிக்க வேண்டும்.

வாசிக்கப் புத்தகம் எங்கே கிடைக்கும்? எதில் தொடங்குவது?

கல்லூரி நூலகம் போக, புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அங்கே வெட்கப்படாமல் சிறுவர் பிரிவுப் புத்தகங்களில் தொடங்குங்கள். நூறு சொல்லுக்கு இரண்டுக்கு மேல் தெரியாத சொல் வந்தால், மகிழ்ச்சியாக வாசிக்க முடியாது. அகராதி புரட்டும் வேலையாகிவிடும். தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் வீதம், ஒரு பக்கத்தில் ஐந்து விரலுக்கு மேல் மடக்க வேண்டி வந்தால் அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு எளியதை எடுங்கள். ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் தொடங்கச் சொல்லும் பழைய அறிவுரை பலருடைய ஆர்வத்தைக் கொன்றிருக்கிறது. விளையாட்டுப் பக்கத்தில் தொடங்கலாம். நேற்றைய ஆட்டம் ஏற்கனவே தெரிந்திருப்பதால் பாதி புரிந்துவிடும்.

ஃபோனில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் உதவுமா?

கேலி செய்யாத துணை என்பதால் கூச்சப்படுபவருக்கு உதவும். நேர்காணல் கேள்வி கேட்கச் சொல்லி வாயால் பதில் சொல்லுங்கள். அசைன்மென்ட்டை எழுதித் தரச் சொன்னால் மதிப்பெண் வரும், மொழி வராது.

ஆசிரியர்கள் என்ன செய்தால் ஆர்வம் வளரும்?

மேலே போட்ட இருபது விநாடிக் கணக்கை மாற்றுங்கள். அதே இருபது நிமிடத்தை இருவர் இருவராகப் பேசக் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் கிடைக்கும், முப்பது மடங்கு. சத்தம் வரும், பக்கத்து வகுப்பில் முகம் சுளிப்பார்கள். துறைத்தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'இப்போது ஆங்கிலத்தில் பேசுங்கள்' என்று மட்டும் சொன்னால் தமிழில் அரட்டை நடக்கும். ஒருவரிடம் இருக்கும் தகவல் மற்றவரிடம் இல்லாதபடி வேலை கொடுங்கள். ஒருவர் கையில் பேருந்து நேர அட்டவணை, இன்னொருவர் கையில் காலி அட்டவணை. கேட்டுக் கேட்டு நிரப்ப வேண்டும். பேசாமல் முடிக்க முடியாது.

அமைதியாக யோசிக்க ஒரு நிமிடம் கொடுத்த பிறகு கேள்வி கேளுங்கள். எழுப்பி நிறுத்தியவுடன் பதில் வராததை அறியாமை என்று எண்ண வேண்டாம். வகுப்பில் தமிழே கூடாது என்று அபராதம் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது பேச்சைக் கூட்டுவதில்லை, மௌனத்தைத்தான் கூட்டுகிறது. தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மாணவருக்கு விடுங்கள். மூன்றில் ஒன்று என்றாலும் போதும்.

அகமதிப்பீட்டில் பேச்சுக்கு ஐந்து மதிப்பெண்ணாவது ஒதுக்குங்கள். பிழையின்மைக்கு அதில் ஒன்று, முயன்று பேசியதற்கு நான்கு. மதிப்பெண் இல்லாத எதையும் கல்லூரியில் மாணவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் முதல்வன் திட்டத்தில் வரும் ஆங்கிலப் பயிற்சியையும் வருகைப்பதிவுக்காக மட்டும் நடத்தாமல், இந்தப் பேச்சு வேலையோடு இணைத்தால் அதற்கும் உயிர் வரும்.

பெற்றோராக நாங்கள் என்ன செய்யலாம்? ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா?

உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது குறையே இல்லை. பிள்ளை இன்று வகுப்பில் என்ன பேசியது என்று தமிழில் கேளுங்கள். சொந்தக்காரர் முன்னால் 'எங்கே, ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல பேசு' என்று மட்டும் சொல்லாதீர்கள். எதிர்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் அப்படித்தான். அதற்குப் பிறகு நோட்டைத் திறக்கவே பிடிக்காது.

வகுப்பில் சேர்க்கும் முன் நேரில் போய்க் கேளுங்கள்: ஒரு பேட்சில் எத்தனை பேர், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் பேசுவார்கள், சேரும்போது நிலையைச் சோதிப்பீர்களா, ஒரு வகுப்பை இலவசமாக உட்கார்ந்து பார்க்கலாமா. பேட்சில் பதினைந்து பேருக்கு மேல் என்றாலோ, மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றாலோ வேண்டாம். சான்றிதழைப் பற்றியே பேசும் இடத்தையும் விட்டுவிடலாம். நேர்காணல் செய்பவர் சான்றிதழைப் பார்ப்பதில்லை, பேசச் சொல்கிறார்.

ஆர்வமாகத் தொடங்கி நடுவில் நின்றுவிட்டேன். மறுபடி எப்படி?

பருவத் தேர்வு, திருவிழா, காய்ச்சல் என்று எல்லோருக்கும் நிற்கும். நின்றதைவிட, 'விட்டுப்போன நாளையெல்லாம் சேர்த்துப் படிக்க வேண்டும்' என்ற எண்ணம்தான் திரும்பி வரவிடாமல் தடுக்கிறது. விட்டது விட்டதாகவே இருக்கட்டும். முதல் வாரம் பத்து நிமிடம் மட்டும், இரண்டாம் வாரம் இருபது, மூன்றாம் வாரம் பழையபடி.

வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாததால் நிறுத்தினீர்கள் என்றால் அதற்கு வழி ஒலிப்பதிவுதான். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் ஒரே தலைப்பில் இரண்டு நிமிடம் பேசிப் பதிந்து, தேதியைப் பெயராக வையுங்கள். எதையும் அழிக்காதீர்கள். நான்கு மாதம் கழித்து முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டு, இரண்டிலும் எத்தனை இடத்தில் நின்று யோசித்தீர்கள் என்று எண்ணுங்கள். எண்ணிக்கை குறையவில்லையென்றால் பேசும் நேரம் போதவில்லை. கேட்பதிலும் வாசிப்பதிலுமாகப் பத்து நிமிடத்தைக் குறைத்துப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பத் தொடங்கும் வாரத்தில் புதுப் புத்தகம், புதுச் செயலி எதுவும் வாங்க வேண்டாம். பழைய நோட்டில் நின்ற பக்கத்திலிருந்தே எழுதுங்கள், பழைய மூவருக்கும் செய்தி அனுப்புங்கள்.